லண்டன், வெள்ளிக்கிழமை, 12.14: எங்கள் வீட்டு நியர் மிஸ்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. அடிபட்டிருக்க வேண்டியது, படாமல் தப்பியது என்கிற சம்பவத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் நியர் மிஸ். ஃபோர்க்லிஃப்ட் ஒருவரின் பாதத்துக்கு அரை அடி தள்ளிப் போனால் நியர் மிஸ். கிரேனிலிருந்து கழன்ற போல்ட் ஆள் இல்லாத இடத்தில் விழுந்தால் நியர் மிஸ். “அதான் ஒண்ணும் ஆகலையே சார், எதுக்கு எழுதணும்?” என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாதபோதே எழுதிவிட வேண்டும் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவன் தன் வீட்டில் நடந்ததை எழுதாமல் விட்டால் நன்றாக இருக்காது. அதனால் இது.

நடந்தது இதுதான். மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் 12.14க்கு, லண்டனின் கிரீன் பார்க் நிலையத்தில், என் அம்மாவும் எட்டு வயது மகனும் ஏறிய ரயிலின் கதவு மூடிக்கொண்டது. நானும் மனைவியும் பதினான்கு வயது மகளும் நடைமேடையில் நின்றோம். மறுபடி ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்றபோது மணி 1.01. இடையில் போன 47 நிமிடங்களைப் பற்றித்தான் இந்த ஆய்வு. ஆனால் சம்பவம் 12.14க்குத் தொடங்கியது என்று எழுதினால் எங்கள் தணிக்கைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அது முந்தைய நாள் இரவே தொடங்கிவிட்டது.

அறையில் மெட்ரோ வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டேன். காலையில் பக்கிங்ஹாம் அரண்மனை, பிறகு லண்டன் டவர், டவர் பாலம், ட்ரஃபால்கர் சதுக்கம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லண்டன் ஐ ராட்டினம், கடைசியில் பிக் பென். ஏழு இடம். மே கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகமும் இரவு 8.30 வரை திறந்திருக்கும். அதனால்தான் வெள்ளியைப் பிடித்தேன். கணக்குப்படி எல்லாம் சரி.

அந்த வரைபடம் ஒரு அழகான பொய். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வரைந்தது, 1933இல் அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. தரைக்கு மேலே எது எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, மின்சுற்றுப் படம் போல நேர்க்கோடுகளும் சாய்கோடுகளுமாகப் போட்டார். ரயிலுக்குள் இருப்பவருக்கு அடுத்தது எந்த நிலையம் என்று தெரிந்தால் போதும், எத்தனை தூரம் என்பது எதற்கு? உலகத்தில் பல நகரங்கள் பிறகு அதையே பின்பற்றின. ஆனால் அதை வைத்து அறுபத்தொன்பது வயது முழங்காலுக்குத் திட்டம் போடக் கூடாது. லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்ற அடுத்தடுத்த நிலையங்களுக்கு நடுவே முந்நூறு மீட்டர்கூட இல்லை, இரண்டு டீக்கடைக்கு நடுவே இருக்கிற தூரம். இறங்கி, நடந்து, லிஃப்டுக்கு நின்று, வெளியே வருவதற்கு ஆகிற நேரம் அதைவிட அதிகம். படத்தில் அது எதுவும் தெரியாது.

சரி, வெள்ளி காலை. ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கத்தில் அறை. பிக்காடிலி தடத்தில் ஐந்தாவது நிறுத்தம் கிரீன் பார்க். கூட்டம் குறையட்டும் என்று 9.30க்கு மேல்தான் கிளம்பினோம். இங்கேதான் முதல் சமாச்சாரம், அன்றைக்கு நான் கவனிக்காதது.

லண்டன் மெட்ரோவில் ஒரே அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். மகளிடம் சிறுவர் சலுகை ஏற்றிய ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை, அம்மாவிடம் சாதாரண ஆய்ஸ்டர், எங்கள் இருவரிடமும் வங்கி அட்டை. பதினொன்றுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மெட்ரோ இலவசம், ஆனால் பெரியவர் ஒருவரோடு அகலமான கேட் வழியாகப் போக வேண்டும். அம்மாவுக்கு மற்ற கேட்டின் இரண்டு இறக்கைகளும் பட்டென்று அடிப்பதைப் பார்த்தாலே பயம். “இடுப்புல அடிச்சுரும் போலருக்கே” என்று அவரும் அகலமான கேட்டுக்கே போனார். ஆக, முதல் நாளிலிருந்தே அப்பத்தாவும் பேரனும் ஒரு ஜோடி, நாங்கள் மூன்று பேர் வேறு வரிசை. கேட்டைத் தாண்டியதும் அந்த ஜோடி ஒரு பத்தடி முன்னாலோ பின்னாலோதான் நிற்கும். நாங்கள் யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. கேட் பிரித்தது, எங்களுக்கு அது பழகிவிட்டது.

அரண்மனைக் காவல் மாற்றம் பெரும்பாலும் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில், காலை 11 மணிக்கு. பத்து மணிக்கே கம்பி வேலியை ஒட்டி இடம் இல்லை. விக்டோரியா நினைவுச் சின்னத்தின் படிகளில் அம்மாவை உட்காரவைத்தோம். மகன் என் தோளில். சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி எல்லாம் அவனுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. பொத்தானை எண்ணு என்றேன். அதில் ஒரு ரகசியம் இருக்கிறது, காவலர் எந்தப் படை என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். கிரெனடியர் படையின் சட்டையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வரும், கோல்ட்ஸ்ட்ரீம் படைக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸ் மூன்று, ஐரிஷ் நான்கு, வெல்ஷ் ஐந்து. அவன் அப்புறம் நாள் முழுக்க எதைப் பார்த்தாலும் எண்ணினான். நடந்த கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

11.45 வாக்கில் முடிந்தது. அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் கலைந்தது, அதில் பாதி எங்களோடு பூங்கா வழியாகக் கிரீன் பார்க் நிலையத்துக்கு நடந்தது. பத்து நிமிட நடை அம்மாவுக்கு இருபது நிமிடம். டவருக்குப் பக்கமான நிலையம் டவர் ஹில்தான், ஆனால் அங்கே போக வெஸ்ட்மின்ஸ்டரில் மாற வேண்டும். மாறாமல் போகலாம் என்று ஜூபிலி தடத்தில் லண்டன் பிரிட்ஜ் வரை போய், ஆற்றோரமாக நடக்கத் தீர்மானித்தேன். கிரீன் பார்க், வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, சதக், லண்டன் பிரிட்ஜ். எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. இந்த முடிவை இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

12.14

நடைமேடை நிறைந்திருந்தது. ரயில் வந்து நின்றதும் உள்ளே பார்த்தேன், பெட்டி பிதுங்கியது. மகள் பக்கம் திரும்பி “அடுத்ததுல ஏறலாம்” என்றேன். மனைவிக்கும் கேட்டது. அம்மாவுக்கும் மகனுக்கும் கேட்கவில்லை, அவர்கள் வழக்கம்போல் நாலடி முன்னால் நின்றார்கள். உள்ளே இருந்த ஓர் இளைஞன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, இருக்கையைக் காட்டி, வாருங்கள் என்று கையசைத்தான். வயதானவர்களுக்கான இருக்கை அது. ஒருவர் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தால் அம்மா மறுக்க மாட்டார், அது அவர் வளர்ந்த விதம். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மணி அடித்தது, கதவு மூடியது.

கண்ணாடி வழியாக நான் சைகை காட்டினேன். ஒரு விரலைத் தூக்கி, பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அழுத்தினேன். ‘ஒரு நிலையம், அங்கே இறங்கு’ என்று என் அர்த்தம். இதை இப்போது நீங்களே கையால் செய்து பாருங்கள். நம்மூரில் உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் என்ன அர்த்தம்? உட்கார். பொறு. பதறாதே. அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு விரலை மகன் ‘ஒரு நிமிஷத்துல வர்றோம்’ என்று எடுத்துக்கொண்டான். ரயில் சுரங்கத்துக்குள் போனது.

இதன் பிறகுதான் பெரிய தவறுகள். கதவு மூடியது தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த 17 நிமிடங்களில் நடந்ததெல்லாம் யோசித்து எடுத்த முடிவுகள்.

நான் நினைத்தது: வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கி நிற்பார்கள். இரண்டே நிமிடத்தில் வந்த அடுத்த ரயிலில் மகளோடு ஏறினேன். மனைவி நினைத்தது: இறங்கி எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வருவார்கள். “நான் இங்கயே நிக்கிறேங்க, நீங்க போங்க” என்றாள். அந்த நேரத்தில் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதல்லவா. இரண்டாகப் பிரிந்திருந்த குடும்பம் மூன்றானது அப்படித்தான்.

வெஸ்ட்மின்ஸ்டரில் யாரும் இல்லை. அங்கே ஜூபிலி தடத்தின் இரண்டு நடைமேடைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. விளிம்பு நெடுகக் கண்ணாடிச் சுவர், ரயில் வந்தால்தான் கதவு திறக்கும். நீளமான நடைமேடையின் ஒரு முனைக்கு நான், மறு முனைக்கு மகள். ஒருவேளை அடுத்த நிலையம் போய்த் திரும்பியிருந்தால் வேறு தளத்தில் அல்லவா இறங்குவார்கள் என்று ஓடிப்போய் அங்கேயும் பார்த்தேன். இப்படிப் பத்து நிமிடத்துக்கு மேல் போனது. பாதுகாப்பு அதிகாரி என்று சம்பளம் வாங்குகிறவன், சுவரில் உதவிப் பொத்தான் இருக்கும் பெட்டியைப் பார்த்தும் அழுத்தாமல் இரண்டு முறை கடந்து ஓடினேன். மகள்தான் நிறுத்தினாள். “அப்பா, மொதல்ல யார்கிட்டயாவது சொல்லலாம்.” 12.31.

மனைவியின் பக்கத்தை அன்று இரவுதான் முழுதாகக் கேட்டேன். நின்ற இடத்திலிருந்து பத்து ரயில் வரை ஒவ்வொரு பெட்டியாக உற்றுப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகுதான் உறைத்திருக்கிறது, அவள் நின்றது போகிற ரயிலின் நடைமேடை. திரும்பி வருகிறவர்கள் எதிர்ப்பக்க நடைமேடையில் அல்லவா இறங்குவார்கள்! ஓடியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது, அந்த இடத்தில் நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ரயிலில் போனவர்கள் கதை இதற்கு நேர் எதிர். வெஸ்ட்மின்ஸ்டரில் கதவு திறந்தது, அம்மா அசையவில்லை. மகன் கேட்டிருக்கிறான், “எறங்கலாமா அப்பத்தா?” “நின்ன எடத்துலயே நிக்கணும்யா. தேடி வர்றவுக எப்டிக் கண்டுபிடிப்பாக?” வாட்டர்லூவிலும் அதே பதில். சதக்கிலும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குச் சாட்சி நான். ஆறு வயதில், சித்திரைத் திருவிழாவில், அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நின்ற கூட்டத்தில் கை நழுவிப் போனேன். எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம், மதுரைக்கு வருவதே வருடத்துக்கு ஒரு முறை. நீர்மோர்ப் பந்தல் ஒன்றின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன், அம்மா சொல்லிக்கொடுத்தபடி. மைக்கில் என் சட்டை நிறத்தைச் சொல்லி அறிவித்தார்களாம், எனக்கு அது நினைவில்லை. அம்மா வந்த வழியே திரும்பி நடந்து, பந்தலில் என்னைப் பிடித்தார். அன்றிலிருந்து அந்த விதி எங்கள் வீட்டில் வேதவாக்கு. லண்டனுக்குக் கிளம்புமுன் நானே மகனிடம் அதைத்தான் சொன்னேன்: “தொலைஞ்சா நின்ன இடத்துலயே நில்லு.”

ரயிலுக்குள் இருப்பவருக்கு நின்ற இடம் எது? அம்மாவுக்கு அது அந்த இருக்கை. இருக்கை மணிக்கு எத்தனையோ கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது, அவர் என்னவோ அசையாமல்தான் இருந்தார். விதியை அவர் மீறவேயில்லை, அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். தேடி வருகிறவர் கால்நடையாகத் திரும்பி வரக்கூடிய திருவிழாவுக்காகச் செய்த விதி அது. தரையே ஓடுகிற ஊரில் அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது என்பதை எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

காப்பாற்றியது பொத்தான் எண்ணும் பழக்கம். மகன் கதவுக்கு மேலே இருந்த தடப் படத்தில் நிலையங்களை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான். லண்டன் பிரிட்ஜில் இறங்க வேண்டும் என்று காலையில் நான் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது, நான்காவது நிறுத்தம் என்பதும். அங்கே அப்பத்தாவின் கையைப் பிடித்து இழுத்தே இறக்கிவிட்டான். இல்லாவிட்டால் அந்த ரயில் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வரை போகும். இறங்கியதும் அம்மா நடைமேடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, இனி இதுதான் நின்ற இடம் என்று அறிவித்துவிட்டார்.

சில நிமிடத்தில் நிலையத்தின் பெண் ஊழியர் ஒருவர் அவர்களைக் கவனித்து வந்து விசாரித்திருக்கிறார். மகன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி, மனப்பாடமாகத் தெரிந்த தன் அம்மாவின் கைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறான். அவர் கூப்பிட்டால் எடுப்பார் யாரும் இல்லை. எப்படி எடுப்பார்கள்? செலவு எதற்கு என்று மனைவியின் இந்திய எண்ணுக்கு நான் ரோமிங் போடவில்லை. விமான நிலையத்தில் வாங்கிய உள்ளூர் சிம் என்னிடம் மட்டும்தான், மற்றவர்கள் என் ஹாட்ஸ்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புது எண் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதாவது குடும்பத்தின் மொத்தத் தொலைத்தொடர்பும் என் சட்டைப்பையில் இருந்தது, நான் இருபதடி தள்ளிப் போனால் எல்லோருக்கும் அறுந்துவிடும்.

12.31க்கு நாங்கள் உதவிப் பொத்தானை அழுத்தியதும் காரியம் விறுவிறு என்று நடந்தது. பாட்டி, பச்சைச் சேலை, எட்டு வயதுப் பையன் என்று மகள் அடையாளம் சொன்னாள். நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. 12.40க்குப் பதில் வந்தது: லண்டன் பிரிட்ஜில் இருக்கிறார்கள், இருவரும் நலம். கிரீன் பார்க்கில் இருக்கும் மனைவிக்கும் தகவல் சொல்லச் சொன்னேன். 12.47க்கு நான் போய் இறங்கியபோது, அம்மா மஞ்சள் பையிலிருந்த முறுக்கை அந்த ஊழியருக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது: “ஏய்யா, இம்புட்டு நேரமா?” மனைவி வந்து இறங்கியபோது 1.01. அவள் யாரோடும் பேசவில்லை, மகனைத் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுப் பையனை அவள் தூக்கி வெகுநாளாகியிருந்தது.

ஏன், ஏன், ஏன்

டொயோட்டாவின் தைச்சி ஓனோ பழக்கிவிட்ட ஒரு முறை எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கிறது: ஒரு கோளாறுக்கு ஐந்து முறை ஏன் என்று கேள். எங்கள் ஆலையில் அதற்கு ஒரு கூடுதல் சட்டம் உண்டு. கடைசி ஏன்-க்குப் பதிலாக ‘ஹியூமன் எரர்’ என்று எழுதினால் படிவம் திரும்பி வந்துவிடும். ஆள் தவறு செய்தான் என்றால், அந்தத் தவறு செய்வது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று எழுத வேண்டும்.

அன்றிரவு அறையில் உட்கார்ந்து நான் எழுதிய முதல் வரி: ‘மூத்த உறுப்பினர் அறிவிப்பின்றி ரயிலில் ஏறியது.’ மகள் எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி அதை அடித்தாள். “அப்பத்தா ஏறினது தப்பில்லப்பா. ரயில் வந்தா ஏறுறதுதான பிளான்? பிளானை மாத்தினது நீ. அதையும் என்கிட்ட மட்டும்தான் சொன்ன.” எங்கள் தணிக்கைக்காரரை விட மோசம்.

அவள் சொன்னது சரி. ஐந்து பேரில் மூன்று பேருக்குத் தெரிந்த திட்டம் ஒன்று, இரண்டு பேருக்குத் தெரிந்தது இன்னொன்று. ஏன் அந்த இரண்டு பேருக்குக் கேட்கவில்லை? தள்ளி நின்றதால். ஏன் தள்ளி நின்றார்கள்? அகலமான கேட். அங்கே என்னோடோ மனைவியோடோ மகன் வந்திருந்தாலும் சட்டப்படி சரிதான். கேட்டை எது சுலபமோ அப்படிக் கடந்தோம், அந்த வரிசையிலேயே நடைமேடைக்கும் வந்தோம், யாரும் கலைத்து அடுக்கவில்லை. கூட்டத்தில் குடும்பத்தின் இரண்டு ஓரமும் திடமாக இருக்க வேண்டும், பலவீனமானவர்கள் நடுவில். எங்கள் வரிசையில் முழங்கால் வலியும் எட்டு வயதும் முன் ஓரத்தில் நின்றன.

கதவு மூடியது இதனால். ஆனால் கதவு மூடினால் ஐந்து நிமிடத்தில் தீர வேண்டிய விஷயம் அது. 47 நிமிடமானதற்குக் காரணம் வேறு: ஆளுக்கொரு விதி. அம்மாவிடம் திருவிழா விதி. என்னிடம் ‘அடுத்த நிலையத்தில் இறங்கு’ விதி, அதையும் மனதிலேயே வைத்திருந்தேன், யாருக்கும் சொன்னதில்லை. மனைவியிடம் ‘பிரிந்த இடத்துக்கே திரும்பு’ விதி. மூன்றுமே தனித்தனியாக நல்ல விதிகள். ஐந்து பேரும் மூன்றில் எதையாவது ஒன்றைப் பிடித்திருந்தால் மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். வெவ்வேறாகப் பிடித்ததால் ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டிப் போனோம்.

தொலைபேசி விஷயம் இதில் தனி. ஒரே இடத்தில் எல்லாம் தொங்கினால் அது அறுந்தால் எல்லாம் போகும் என்று நான் மாதம் ஒரு முறை வகுப்பு எடுக்கிறேன். கிரேன் சங்கிலிக்குப் பொருந்துவது சிம் அட்டைக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

மீதி நாள்

ஏழு இடத் திட்டத்தை அங்கேயே கிழித்தோம். ஆற்றோரப் புல்வெளியில் டவர் பாலத்தைப் பார்த்தபடி புளிசாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழுந்தது, ஒரு பாய்மரப் படகுக்காக. 1894இல் திறந்த பாலம், இன்றும் வருடத்துக்கு ஏறக்குறைய 800 முறை தூக்குகிறார்கள். ஆற்றில் வருகிற கப்பலுக்குத்தான் முன்னுரிமை, சாலையில் பேருந்து எத்தனை நின்றாலும் சரி. 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் கட்டணமும் கிடையாது. அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “ஒத்தப் படகுக்கா இம்புட்டு?” என்று இரண்டு முறை கேட்டார்.

டவருக்கு முன்பதிவுச் சீட்டு இருந்ததால் அதை மட்டும் விடவில்லை. அம்மாவுக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் பார்க்க வேண்டும்: கோஹினூர். கிரீடங்கள் இருக்கும் அறையில் யாரும் நின்று மறிக்காதபடி தரையே நகரும், பார்வையாளர்களை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். அம்மா அதில் ஏறுவதற்கு முன் எங்கள் நான்கு பேரையும் எண்ணினார். 1849இல் பிரிட்டிஷார் பஞ்சாபைக் கைப்பற்றியபோது பத்து வயது மன்னன் துலீப் சிங்கிடமிருந்து வாங்கிய கல் அது, 186 காரட்டாக வந்தது, 1852இல் வெட்டித் தீட்டியபோது 105.6 ஆகக் குறைந்தது என்று மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா கேட்டது வைரத்தைப் பற்றி இல்லை. “அந்தப் பயலோட அம்மா?” மகள் எங்கோ படித்திருந்தாள். ராணி ஜிந்த் கௌரை மகனிடமிருந்து முன்பே பிரித்துவிட்டார்கள், மறுபடி பார்த்தது 1861இல், கல்கத்தாவில், பதின்மூன்று வருடம் கழித்து. அதற்குள் நகரும் தரை எங்களை மறுமுனையில் இறக்கிவிட்டிருந்தது. அம்மா பேரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சுற்று போகலாம் என்றார். கல் உண்மையில் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

திரும்பும்போது மெட்ரோ வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு. பேருந்தில் ஏறினோம். கீழ்த்தளத்திலேயே, எல்லோரும் ஒரே வரிசையில். அருங்காட்சியகம், லண்டன் ஐ, பிக் பென் எதுவும் அன்றைக்கு இல்லை.

செய்தது

மறுநாள் காலை மாக் டிரில். எங்கள் ஆலையில் தீயணைப்புக்கு நடத்துவது போல, அறையில் கட்டிலை ரயிலாக்கி, தரையை நடைமேடையாக்கி, ஐந்து பேரையும் வைத்து நடத்தினேன். வரிசை மாறியது: முதலில் மனைவி ஏறுவாள், கடைசியில் நான், நடுவில் மற்றவர்கள். நான் ஏறாமல் யாரும் ஏற்றத்தை முடிந்ததாக நினைக்கக் கூடாது. விதி ஒன்றே ஒன்று: ரயிலோடு போய்விட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நில். நடைமேடையில் விடுபட்டால், உள்ளே போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள், நீ அடுத்த ரயிலில் ஒரே ஒரு நிலையம் போ என்று முதலில் சொன்னேன். மகனைத் தனியாக வைத்து ஒத்திகை பார்த்தபோது இந்த இரண்டாவது பாதி அவனைக் குழப்பியது. அதனால் பிள்ளைகளுக்கு மட்டும் மாற்றினேன்: நடைமேடையில் தனியாக விடுபட்டால் நகராதே, பெரியவர்கள்தான் வருவார்கள். சைகைக்குப் பதில் வாயசைத்து ‘இறங்கு’. என் உள்ளூர் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் மகனின் முன்கையில் தினமும் எழுதினோம், அம்மாவின் பையில் ஒரு சீட்டு. மனைவிக்குத் தனி சிம். அது நான்கு வேளைக் காப்பிச் செலவுகூட ஆகவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் படிவத்தில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும், ஓப்பன் அல்லது குளோஸ்டு. சிம், வரிசை, கையில் எண், ஒத்திகை எல்லாம் குளோஸ்டு. ‘மூத்த உறுப்பினருக்கு அடுத்த நிலையத்தில் இறங்கும் விதியைப் பயிற்றுவித்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஊருக்குத் திரும்பி மூன்று முறை விளக்கிப் பார்த்துவிட்டேன், சிவகங்கை வீட்டுத் திண்ணையில் செருப்புகளை ரயில் பெட்டியாக அடுக்கிக்கூடக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு அம்மா சொல்வது ஒன்றுதான்: “நான் எதுக்குய்யா எறங்கணும்? நீங்க ஏறியிருக்கணும்.”

அந்த வரி இன்னும் ஓப்பன்.